ஆங்கில ஸ்பெல்லிங்: காரணம் சொல்லிக் கற்பிக்கலாம்

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு ஒழுங்கே கிடையாது, மனப்பாடம்தான் ஒரே வழி என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். இது பாதி உண்மை. 26 எழுத்துகளால் ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதும் மொழியில் சிக்கல் இருக்கத்தான் செய்யும். ஆனால் அதன் விநோதங்களில் பலவற்றுக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரிந்துவிட்டால் ஸ்பெல்லிங் எளிதில் மறக்காது.

கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', முழங்காலைக் குறிக்கும் 'நீ' இரண்டிலும் முதலில் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் ஒலித்த எழுத்து. இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் அமைத்தபோது அதை வாய்விட்டே சொன்னார்கள். அச்சு வந்தபின் எழுத்து மெல்ல மெல்ல நிலைத்தது, பேச்சு நிற்கவில்லை. ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையில் நெடில் உயிரொலிகள் இடம்பெயர்ந்தன. 'நேம்' முன்பு 'நாம' என்பதுபோல் ஒலித்தது, 'டைம்' 'டீம' என்பதுபோல். இன்று நாம் எழுதுவது அந்தப் பழைய உச்சரிப்பை.

கடனைக் குறிக்கும் 'டெட்' கதை வேறு. அதிலுள்ள 'பி' ஆங்கிலத்தில் ஒருநாளும் ஒலித்ததில்லை. பிரெஞ்சு வழியாக 'பி' இல்லாமல் வந்த சொல் அது. லத்தீன் மூலமான 'டெபிடும்' தெரியட்டும் என்று படித்தவர்கள் பின்னால் செருகினார்கள். 'டவுட்' என்பதிலும் அப்படியே. 'ஐலண்ட்' என்பதன் 'எஸ்' இன்னும் மோசம். 'ஐலண்ட்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். லத்தீன் வழி வந்த, தீவையே குறிக்கும் 'ஐல்' என்ற சொல்லுக்கு உறவு என்று தவறாக எண்ணி நுழைத்த எழுத்து, இன்றுவரை வெளியேறவில்லை.

இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுவது நமக்குப் புதிதா? 'கல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் ஒரே ககரம், ஒலியோ வேறு. ஆங்கில 'சி'யும் அப்படித்தான்: பின்னால் 'இ', 'ஐ', 'ஒய்' எழுத்துகளில் ஒன்று வந்தால் ஸகர ஒலி, மற்றபடி பெரும்பாலும் ககர ஒலி. நகரத்தைக் குறிக்கும் 'சிட்டி', பூனையைக் குறிக்கும் 'கேட்' இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும்.

இறந்தகால 'இ-டி' விகுதியையும் இப்படியே விளக்கலாம். 'வாக்கெட்', 'ஹெல்ப்பெட்' என்று தனி அசையாகச் சொல்வது பரவலான பிழை. வினைச்சொல் 'ட்' ஒலியில் முடிந்தால் மட்டுமே ('வான்ட்', 'நீட்' போல) 'இட்' என்ற அசை சேரும். மற்ற இடங்களில் கூடுதல் அசையே இல்லை. தொண்டையில் விரல் வைத்து வினையின் கடைசி ஒலியைச் சொல்லிப் பாருங்கள். 'ஹெல்ப்' போல அதிர்வில்லாமல் முடிந்தால் விகுதிக்குப் 'பட்டம்' என்பதில் வரும் டகரம். 'ப்ளே' போல அதிர்வோடு முடிந்தால் 'வண்டி'யில் வரும் டகரம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அசையழுத்தம், அதாவது ஒரு சொல்லில் ஓர் அசையை மட்டும் மற்றவற்றைவிட ஓங்கிச் சொல்வது. தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. அதனால் எல்லா அசைகளுக்கும் சம எடை கொடுத்துப் பேசுகிறோம், கேட்பவர் திணறுகிறார். 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லானால் முதல் அசையிலும் வினையானால் இரண்டாவதிலும் அழுத்தம் விழும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை, 'ஃபோட்டோகிராஃபி' என்பதில் இரண்டாவது, 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாவது. அழுத்தம் விலகிய இடத்தில் உயிரொலி மங்கிவிடும். மங்கிய உயிர் எந்த எழுத்து என்று காது சொல்லாது. ஸ்பெல்லிங் பிழைகள் பல அங்கேதான் பிறக்கின்றன. அப்போது அழுத்தம் விழும் உறவுச் சொல்லைத் தேடச் சொல்லுங்கள். 'ஃபோட்டோகிராஃபி'யின் முதல் 'ஓ' மங்கலாகக் கேட்டாலும் 'ஃபோட்டோ' அதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

வகுப்பில் புதிய சொல்லைப் பலகையில் எழுதும்போதே அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு இட ஆசிரியர்கள் முன்வர வேண்டும். அகராதியில் அந்த அசைக்கு முன் மேலே நிற்கும் சிறு கோட்டைப் பார்க்கவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்