கோமதிக்கு, கோஷர் அடுப்பைப் பற்றி

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது காலையில் எனக்கு முன்னால் பேப்பரை எடுத்துக்கொண்டு, தலைப்புகளைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள். உன் மகன் ஊருக்குப் பக்கத்திலேயே வேலை மாற்றிக்கொண்டு வந்ததில் எனக்கும் நிம்மதி. நீ மலையேற்றக் குழுவின் சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டதைப் படித்ததும் ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில் உன்னைப் பார்த்தவள் நான். உன் கையில் கொடுத்தால் யாரும் பசியோடு தூங்கமாட்டார்கள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் நேபாளம் போகும் உங்கள் குழுவில் ஒருவர் படிவத்தில் 'கோஷர் மட்டும்', அதாவது யூத மத உணவுச் சட்டப்படி ஆன சாப்பாடு மட்டும், என்று எழுதியிருக்கிறார் என்றும், 'நாம் சைவம்தானே சமைக்கப்போகிறோம், அப்புறம் என்ன?' என்றும் எழுதியிருந்தாய். அவரிடம் தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதே. அவருக்கு ஒரு அடுப்பும், சமையல் கூடாரத்தில் ஒரு மூலையும், சமையல்காரரோடு முன்கூட்டியே பேச அரை மணி நேரமும் கொடு. மீதியை அவரே பார்த்துக்கொள்வார். லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கு வழியாகப் போனபோது இதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். இஸ்ரேலில் ஹைஃபாவிலிருந்து வந்த ஒரு யூதப் பள்ளி ஆசிரியையும் நானும் ஒரே கூடாரம். வயது அறுபதை நெருங்கும். குழு முழுக்க அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம்.

பன்றி கூடாது, துடுப்பும் செதிலும் இல்லாத மீன் கூடாது, இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். சைவச் சமையலில் இவை எழவே எழாது. பாத்திரமும் நெருப்பும்தான் மிச்சம் நிற்கும். சூடான உணவின் சாரம் பாத்திரத்துக்குள் இறங்குகிறது, அடுத்த முறை சூடாகும்போது அது புது உணவுக்குள் வருகிறது என்பது அவர்கள் சட்டத்தின் அடிப்படை. நேற்றுக் கோழி வெந்த குண்டானில் இன்று பருப்பு வெந்தால், அவருக்கு அது பருப்பு இல்லை. எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் இல்லை. வாடகைக்கு எடுத்த முகாம் பாத்திரத்தில் இதற்கு முன் என்னவெல்லாம் வெந்ததென்று யாருக்குத் தெரியும்?

அதனால் டீச்சர் தன் பாத்திரங்களைத் தானே கொண்டுவந்திருந்தார். சின்ன பிரஷர் குக்கர், ஒரு எவர்சில்வர் பாத்திரம், தோசைக்கல் மாதிரி ஒரு தட்டைக் கல், கரண்டி, கத்தி. எல்லாம் புதிது, எல்லாவற்றின் கைப்பிடியிலும் சிவப்பு டேப். அவை வேறு ஆட்கள் செய்து விற்ற உலோகப் பாத்திரங்கள் என்பதால், முதல் உபயோகத்துக்கு முன் கடல், ஊற்று போன்ற இயற்கை நீரில் முழுக்கி எடுக்க வேண்டுமாம். அதை ஊரிலேயே முடித்துவிட்டு வந்திருந்தார்.

அப்படியும் ஒரு சாயங்காலம் ஒன்று நடந்தது. டீச்சரின் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு சூப் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. உதவிக்கு வந்த பையன், பொங்கிவிடுமே என்ற நல்லெண்ணத்தில், கையில் இருந்த கரண்டியால் கிளறிவிட்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கரண்டி கோழிக்குழம்பில் இருந்தது. கூடாரத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை. தவறி விழுந்ததைப்போல அறுபது மடங்கு உணவு இருந்தால் அது கரைந்துபோனதாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். அந்தச் சின்னப் பாத்திரத்தில் அவ்வளவு சூப் ஏது? டீச்சர் பையனின் தோளைத் தட்டிக்கொடுத்து, சூப்பை எங்களுக்கு ஊற்றச் சொல்லிவிட்டு, பேரீச்சம்பழமும் பாதாமும் சாப்பிட்டுப் படுத்தார். மறுநாள் அந்தப் பாத்திரம் அடுப்பேறவே இல்லை. இருபத்துநாலு மணி நேரம் சும்மா கிடக்க வேண்டும் என்பது விதி.

அதற்கு அடுத்து நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பாத்திரத்தை நன்றாகத் தேய்த்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தார்கள். கொதிநீர் விளிம்பைத் தாண்டி வழிந்தால்தான் விளிம்பும் சுத்தமாகும். அதற்கு, பழுக்கக் காய்ச்சிய கல் ஒன்றை உள்ளே போடுவது பழைய முறை. டீச்சர் ஆற்றோரத்தில் கல் தேடப் போனார். சமையல்காரர் பின்னாலேயே ஓடினார். அவர் நேபாளத்துக்காரர், எத்தனையோ வருஷமாக மலையில் சமைப்பவர். ஆற்றுக்கல்லுக்குள் ஈரம் இருக்கும், நெருப்பில் வெடிக்கும் என்று சொல்லி, சரிவில் வெயிலில் காய்ந்து கிடந்த கல் ஒன்றை அவரே பொறுக்கிவந்தார். இன்னொரு அடுப்பில் அதைக் காய்ச்சி, இடுக்கியால் பிடித்துப் போட்டதும் 'ஸ்ஸ்' என்று சீறித் தண்ணீர் நாலா பக்கமும் வழிந்தது. குழுவே சுற்றி நின்று கைதட்டியது. பிறகு பச்சைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்தார்கள். அன்றைக்கு ராத்திரி அதில் வெந்த சூப்பில் எனக்கும் ஒரு கிண்ணம் கிடைத்தது.

அடுத்தது நெருப்பு. இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இது உனக்கும் உறுத்தும். பொருள் எல்லாம் கோஷராக இருந்தாலும், முழுக்க முழுக்க யூதரல்லாதவர் சமைத்ததை அவர்கள் சாப்பிடுவதில்லை. பச்சையாகவே தின்னக்கூடிய பழம், காய் போன்றவற்றுக்கு இந்தத் தடை கிடையாது. முதல் நாள் இதைக் கேட்டதும் எனக்கு மனசு சுருங்கியது. இன்னார் கை பட்டால் ஆகாது என்ற பேச்சை நம் ஊர்ச் சமையலறைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பேச்சு எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தியது என்றும் நமக்குத் தெரியும். ராத்திரி கூடாரத்தில் டீச்சரிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சமையல்காரர் காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், கிளறலாம், பரிமாறலாம். தொடுவதால் எதுவும் கெடாது என்றார். டீச்சரின் வழக்கப்படி அடுப்பை டீச்சர் பற்றவைத்தால் போதும், அதோடு சமையலில் அவருக்கும் பங்கு வந்துவிடுகிறது. அவர் அஷ்கெனாஸி, அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத மரபு. செஃபார்டி, அதாவது ஸ்பெயின் வழி வந்த யூத மரபைச் சேர்ந்தவராக இருந்தால் பானையை அடுப்பில் வைப்பதும் யூதராக இருக்க வேண்டும். காரணத்தையும் அவர் மூடி மறைக்கவில்லை. ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்டு பழகினால் கலப்புத் திருமணம் வரும், அதைத் தடுக்கத்தான் பழைய அறிஞர்கள் இந்த வேலியைப் போட்டார்கள் என்றார். அந்தக் காரணத்தை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அதை அவரிடமும் சொன்னேன். ஆனால் இது தீட்டு அல்ல என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சமையல்காரர் 'டீச்சர், அடுப்பு!' என்று குரல் கொடுப்பார். டீச்சர் தூக்கப்பையிலிருந்து எழுந்து, குல்லாவோடு போய் லைட்டரைத் தட்டிவிட்டு வருவார். அதன்பின் அந்த அடுப்பில் கஞ்சி கிண்டியது சமையல்காரர்தான். இரண்டு பேரும் அதில் ஒருவரை ஒருவர் மதித்ததை நான் தினமும் பார்த்தேன்.

பொருள் வாங்குவதில் நீ பயப்பட வேண்டாம். அரிசி, பருப்பு, சர்க்கரை, உப்பு, முழு மிளகு, சீரகம், டீத்தூள் போன்ற கலப்பில்லாத பொருளெல்லாம் சரிதான். எண்ணெய், பிஸ்கட், சூப் பொடி, சீஸ் போன்ற தொழிற்சாலைப் பொருளுக்கு முத்திரை வேண்டும். வட்டத்துக்குள் 'யு' எழுத்து இருப்பது அவற்றில் ஒன்று. ஏற்றுமதி செய்யும் பல இந்தியக் கம்பெனிகளின் பாக்கெட்டுகளில் கோஷர் முத்திரை இருக்கும், தேடினால் கிடைக்கும். நம் ஊர்ப் பச்சைப் புள்ளியை நம்பி வாங்கிவிடாதே. அது சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது. பாலிலும் அவரவர் கட்டுப்பாடு வேறுபடும், டீச்சர் கடைசிவரை கட்டன் டீதான் குடித்தார். பூச்சி விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. பருப்பையும் அரிசியையும் நம் பாட்டிகள் மாதிரி தட்டில் பரப்பிப் பொறுக்குவார். காலிஃபிளவர் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ரத்தப் புள்ளி இல்லை என்றால்தான் பாத்திரத்தில் ஊற்றுவார்.

வழியில் ஒரு வீட்டில் லடாக்கி அம்மா ஒருவர் உப்பும் வெண்ணெயும் போட்ட டீ கொடுத்தார். டீச்சரால் அதைக் குடிக்க முடியாது. அவர் நெஞ்சில் கைவைத்து வணங்கி, தன் டம்ளரை நீட்டி வெந்நீர் கேட்டார். அந்த அம்மா வெந்நீரோடு ஒரு கை உலர்ந்த ஆப்ரிகாட்டும் கொண்டுவந்தார். டீச்சர் ஒவ்வொன்றையும் பிளந்து பார்த்துச் சாப்பிட்டார், அந்த அம்மாவும் கூட உட்கார்ந்து பிளந்து கொடுத்தார்.

உயரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏறத்தாழ முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். 4,700 மீட்டர் வாக்கில் இருக்கும் நிமாலிங் முகாமில் சுமார் 84 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. அவருக்கென்று தனிக் குக்கர் இல்லாவிட்டால் மேலே போகப் போக அவர் தட்டில் ஒன்றுமே இருக்காது. அந்த உயரத்தில் எல்லோருக்கும் பசி மந்தமாகிவிடும். நம்மால் பத்துப் பண்டத்தில் பிடித்த ஒன்றை எடுக்க முடியும். அவருக்கு இருப்பதே ரெண்டு. அதுவும் பிடிக்காமல் போனால் பட்டினிதான். அதனால் அவர் மூட்டையில் இனிப்பு, காரம், கொறிக்க என்று பல வகை இருக்கட்டும்.

அப்புறம், சனிக்கிழமை. வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி இருட்டும்வரை சமைக்கவோ, நெருப்புப் பற்றவைக்கவோ, நடந்து பயணம் போகவோ அவருக்கு முடியாது. எங்கள் குழுத் தலைவர் புத்திசாலி. உயரத்துக்கு உடம்பு பழக எப்படியும் ஒரு ஓய்வு நாள் வேண்டும், அதைச் சரியாகச் சனிக்கிழமை நிமாலிங்கில் வருமாறு கிளம்பும் தேதியைப் போட்டிருந்தார். வெள்ளி சாயங்காலம் ஃபிளாஸ்க்குகளில் வெந்நீர் நிரப்பி, குக்கரைக் கம்பளியில் சுற்றிவைத்து, சாப்பாட்டுக் கூடாரத்தில் எவர்சில்வர் தட்டின்மேல் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினார். ரொட்டிக்குப் பதில் மட்ஸா என்ற புளிக்காத மெல்லிய அப்பம், முழுசாக இரண்டு. மறுநாள் முழுக்க ஆறின சாப்பாடும் ஃபிளாஸ்க் டீயும். வெளியே காங் யாட்சே சிகரம் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எங்கள் எல்லோருக்குமே நல்ல ஓய்வு.

மிக முக்கியமானது ஒன்று. கிளம்பும் முன் லே நகரத்திலேயே டீச்சர் தலைவரையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார்: 'எனக்கு மலை நோய் முற்றிப் புத்தி குழம்பினால், கையில் கிடைத்ததைக் கொடுங்கள். சனிக்கிழமையானாலும் கீழே இறக்குங்கள். உயிர் போகும் நிலையில் இந்தச் சட்டங்களை மீற வேண்டும் என்பதே எங்கள் சட்டம்.' உன் ஆளிடமும் இதை முதலிலேயே பேசி வைத்துக்கொள். மேலே போனபின் பேச முடியாது.

நீங்கள் போவது அக்டோபர் என்பதால் பண்டிகைத் தேதிகளையும் கேட்டுவிடு. அவர்கள் புத்தாண்டும், யோம் கிப்பூரும், சுக்கோத்தும் செப்டம்பர், அக்டோபரில்தான் வரும். யோம் கிப்பூர் என்றால் சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாத விரதம். அது 4,000 மீட்டருக்கு மேல் வந்து விழுந்தால் ஆபத்து, தேதியை மாற்றுவதே நல்லது. காத்மாண்டுவில் தமேல் பக்கம், யூதப் பயணிகளுக்கு உதவும் ஹபாத் என்ற மத அமைப்பின் இல்லம் இருக்கிறது. வசந்தத்தில் அவர்கள் நடத்தும் பஸ்கா பண்டிகை விருந்துக்கு ஆயிரத்துக்கும் அதிகமானோர் வருவார்கள். கடைசி நேரத்தில் ஏதாவது குறைந்தால் உன் ஆளை அங்கே கேட்கச் சொல்.

இந்த வாரமே அவருக்கு எழுது. எந்த மரபு, பால் விஷயத்தில் எப்படி, பாத்திரம் அவரே கொண்டுவருகிறாரா என்று கேள். குக்கர் நீ வாங்குவதாக இருந்தால் மூன்று லிட்டர் போதும், கேஸ்கெட் மட்டும் ஒன்று கூடுதலாக வாங்கு. சமையல்காரரின் உதவிப் பையனிடமும் சிவப்பு டேப் விஷயத்தைச் சொல்லிவை.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். கிளம்புவதற்கு முன் ஒரு நடை திருச்சிக்கு வந்துவிட்டுப் போ, என் ரெண்டு ஃபிளாஸ்க்கையும் தருகிறேன்.

அன்புடன்,
விஜி