‘சடங்குக்குப் பின்னணி’ என்று எழுதிவிட்டீர்களே

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘எல்லாக் காலத்துக்கும் பெரிய இசைக் கலைஞர் யார்?’ என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாகப் படித்தேன். இரண்டாவது தடவை, அந்த ஒரு வரி உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இருந்தது. “நாதஸ்வரம் போன்ற மங்கள வாத்தியங்கள் சடங்குக்குப் பின்னணியாக இருப்பவை என்பதால், அவற்றை வாசித்தவர்களை இந்தப் பட்டியலுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.”

பட்டியலில் பாக், மோட்சார்ட், பீத்தோவன் இருக்கிறார்கள். மைக்கேல் ஜாக்சன் இருக்கிறார். இளையராஜா, ரகுமான், எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா, பிஸ்மில்லா கான் சாகிப் எல்லோரும் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவரைக்கூட எடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கான் சாகிப் வாசித்த ஷெனாயும் வடக்கே கல்யாண வாசலில் ஊதிய வாத்தியம்தானே? கான் சாகிப் காசியில் கோயிலில் ஷெனாய் வாசித்த மாமாவிடம் படித்தவர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அவருக்கு 2001-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். காசியில் கோயில் வாசலில் பிறந்தது இசை, திருவாவடுதுறையில் ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தில் பிறந்தது பின்னணியா?

பாக் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை எந்த ஊருக்குள் நடந்தாலும் ஆராதனைப் பாட்டு காதில் விழும். நாகர்கோவிலில் ஆலயப் பாடகர் குழுவில் பாடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பாக் என்கிற பெயரை முதலில் அவர் வாயால்தான் கேட்டேன். அவர் சொல்லித்தான் தெரியும், பாக் 1723-லிருந்து 1750-ல் சாகும்வரை லைப்சிக் நகரத்துத் தேவாலயத்தில் சம்பளத்துக்கு இருந்தவர். அவர் எழுதிக் குவித்ததில் பெரும்பகுதி ஞாயிறு ஆராதனைக்காக எழுதியது. அதுவும் சடங்குதான் ஐயா. மோட்சார்ட் பேராயரிடம் வேலை பார்த்த காலத்தில் அவரைப் பணியாளர்களோடும் சமையல்காரர்களோடும் சாப்பிட உட்கார வைத்தார்கள். அந்த அவமானம் பொறுக்காமல்தான் 1781-ல் சண்டை போட்டு வெளியே வந்தார். இதைக் கேட்டபோது எனக்கு என் அப்பாவின் நினைவுதான் வந்தது.

என் அப்பா ஒத்து ஊதியவர். இப்போது சுருதிப் பெட்டி வந்துவிட்டதால் ஒத்து என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நாகசுரக்காரர் பக்கத்தில் நின்று, ஒரே சுரத்தை அறுபடாமல் ஊத வேண்டும். நாகசுரக்காரர் இரண்டு மணி நேரம் வாசித்தால் இவரும் இரண்டு மணி நேரம். கன்னத்தில் அடக்கி வைத்த காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார்கள். கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழும்பி நிற்கும். வீட்டில் சும்மா இருக்கும்போதும் அப்பாவின் கன்னம் தொங்கியேதான் இருக்கும். பெரிய வீட்டு அடியந்திரங்களில், அதாவது விசேஷங்களில், மேளக்காரர்களுக்குப் பின்பக்கத்துத் திண்ணையில், கடைசிப் பந்தியில்தான் இலை போடுவார்கள். ரசம் வருவதற்குள் அண்டா காலியாகிவிடும். அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட் போட வந்தவரிடம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக இசைத்தட்டு ஒன்று இருந்தது. எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. தட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் ஆறு ஏழு நிமிடம்தான் வரும். ஒரு பக்கம் முடிந்ததும் அவர் தட்டைத் திருப்பிப் போடுவார். அந்த இடைவெளியில் யாரும் பேச மாட்டார்கள். ஒலிபெருக்கி கட்டியிருந்த புளியமரத்தின் அடியில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முடிந்ததும் மைக் செட்காரரிடம் போய், “ஒருக்கா கூடப் போடுமய்யா” என்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ராஜரத்தினம் பிள்ளை என்ன செய்தார் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரை எழுதியவருக்காகச் சொல்கிறேன். முன்பு இருந்தது திமிரி நாகசுரம். குட்டையானது, சுருதி ஏறியது. அதில் சுத்த மத்தியமம் என்கிற சுரத்தைச் சுத்தமாகப் பேச வைப்பது பெரும்பாடு. அவர் நரசிங்கம்பேட்டை ஆசாரியைக் கொண்டு நீளமான பாரி நாகசுரம் செய்ய வைத்தார். சுருதி இறங்கியது, குழல் கனத்தது, ராகம் நின்று நிதானமாக விரிய இடம் கிடைத்தது. இன்று யார் கையில் பார்த்தாலும் அந்தப் பாரிதான். ஒரு வாத்தியத்தின் உடம்பையே மாற்றிவிட்டுப் போனவர் உங்கள் பத்து பேரில் எத்தனை பேர்? குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார், பாட்டு வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். மோட்சார்ட் போட்ட அதே சண்டைதான் அது. இத்தனைக்குப் பிறகும் அவருக்கு மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைக் கொடுக்கவில்லை. 1956 நவம்பர் 1-ல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த டிசம்பர் 12-ல் அவர் போய்விட்டார். அப்பா அந்த வருடத்தைப் பற்றிப் பேசினால் இந்த இரண்டையும் சேர்த்தேதான் சொல்லுவார்.

சரி, பழைய கதை போகட்டும். பதினான்கு வருடங்களுக்கு முன் என் மகள் கல்யாணம். மண்டபத்தில் நாகசுரக்காரர் கல்யாணி ராக ஆலாபனை தொடங்கியிருந்தார். வீடியோ எடுக்க வந்த பையன் போய், “பேட்டி எடுக்கோம், கொஞ்சம் நிறுத்துங்க” என்றான். அவர் நிறுத்திவிட்டார். பிறகு மண்டபத்து ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போட்டார்கள். அவர் வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் துடைத்து வைத்துவிட்டு, யாராவது கையைக் காட்டினால் கெட்டிமேளம் வாசிக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தார். நான் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வாசிக்கச் சொன்னேன். பெண்ணைப் பெற்றவன் வாசலில் நிற்காமல் இங்கே உட்கார்ந்திருக்கிறானே என்று சம்பந்தி வீட்டில் முகம் சுளித்தார்கள். இன்றுவரை அந்த மனத்தாங்கல் முழுதாகத் தீரவில்லை. உங்கள் கட்டுரையின் அந்த வரியைப் படித்தபோது, நிறுத்தச் சொன்ன அந்தப் பையனின் குரல்தான் திரும்பக் கேட்டது.

இப்போது எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் சிங்காரி மேளம் வைத்தால்தான் விழா என்று ஆகிவிட்டது. செண்டை அடிக்கும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் வெயிலில் நின்றுதான் சம்பாதிக்கிறார்கள். ஆனால் சாமி புறப்படும்போது மல்லாரி வாசிக்க இரண்டு பேரை வைக்கக் கமிட்டியிடம் பணம் இல்லை என்கிறார்கள். சில கோயில்களில் அதுவும் இல்லை. ஸ்விட்சைப் போட்டால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்ளும் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். தீபாராதனை நேரத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குக் கண்ணை மூடிக் கும்பிட முடியவில்லை.

பாட்டுக் கேட்கச் சாமியே ஊரைவிட்டுப் போய் வரும் மாவட்டம் எங்களுடையது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலைக் குமாரசுவாமியோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் திருவனந்தபுரம் போய், கச்சேரிகள் முடிந்த பிறகு திரும்பி வருகிறாள். ‘என்றைக்குச் சிவகிருபை’ பாடிய நீலகண்ட சிவன் 1839-ல் பிறந்தது நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில். பாபநாசம் சிவனுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். அவரைப் பற்றி மூன்று வருடங்களுக்கு முன் தங்களுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருந்தேன். இட நெருக்கடி இருந்திருக்கும். அந்த இதழில் ‘இளையராஜாவா, ரகுமானா?’ என்று வாசகர் ஓட்டெடுப்பு நான்கு பக்கம் வந்திருந்தது.

நான் பேருந்து நடத்துனராக 31 வருடம் வேலை பார்த்தவன். யார் பெரியவர் என்கிற இந்தச் சண்டையை வடசேரியிலிருந்து களியக்காவிளை வரை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எம்.எஸ்.வி.க்காகக் கடைசி சீட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களை விலக்கிவிட்டிருக்கிறேன். சண்டை போடட்டும், அது பிரியத்தால் வருவது. ராஜரத்தினம் பிள்ளையை முதல் இடத்தில் வையுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. என் மனசில் அவர்தான் முதல், அது என்னோடு இருக்கட்டும். பத்தாவது இடம்கூட வேண்டாம். வாசலுக்குள்ளேயே விடாமல் நிறுத்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு படம் போட்டு, அடியில் ‘நாதஸ்வரம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது ஷெனாய். அடுத்த இதழில் அதைத் திருத்திப் போடுங்கள். சரியான படம் கைவசம் இல்லை என்றால், அப்பாவுடைய செட்டில் வாசித்தவரின் நாகசுரம் என் வீட்டில் இருக்கிறது. ஆச்சா மரத்தில் கடைந்தது, அனசில், அதாவது அடியில் விரிந்த வாயில், மட்டும் சின்ன விரிசல். படம் எடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
பூதப்பாண்டி,
கன்னியாகுமரி மாவட்டம்.