எங்கள் முதியவர்களின் ஒவ்வாமையைத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள்

மத்திய, ஊவா மாகாணங்களின் சுகாதார அதிகாரிகளுக்கும் தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும்,

வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். மருந்து ஒத்துக்கொள்ளாத முதியவர் ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியிலும் எந்த மருந்து, எந்த வருஷம், உடம்பை என்ன செய்தது என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

எங்கள் அம்மாயிக்கு எழுபது தாண்டிவிட்டது. பிரஷர், சீனி, முழங்கால் வலி எல்லாம் உண்டு. அவருடைய பழைய கொப்பியின் மூலையில் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் ஒவ்வாமை என்று குறித்து, பக்கத்தில் ஒரு மருந்தின் பெயரும் எழுதியிருக்கிறது. மழையில் நனைந்து மை பரவி, முதல் எழுத்து மட்டும்தான் தெரிகிறது. கேட்டால், "அந்த வெள்ள மாத்திரதான், ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு" என்பார். வெள்ளை மாத்திரைகள் எத்தனையோ இருக்கின்றனவே! அந்தக் கொப்பி முடிந்து புதுக் கொப்பி போட்டபோது, பிரஷர் அளவும் மாத்திரைப் பட்டியலும் வந்தன. அந்தச் சிவப்பு வரி மட்டும் வரவில்லை. விவரம் தெரிந்த மகன் கொழும்பில் வேலை செய்கிறார். அவசரத்தில் தூக்கிக்கொண்டு போகும் பக்கத்து வீட்டாருக்கு என்ன தெரியும்?

வயதானவர்களுக்கு இது ஏன் கூடுதல் ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் லயத்தில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிரஷருக்குக் கொடுக்கும் எனலாப்ரில், பல வருஷம் ஒழுங்காகக் குடித்த பிறகும், திடீரென்று நாக்கையும் உதட்டையும் வீங்க வைக்கலாம். அரிப்போ தடிப்போ இல்லாமல் வருவதால் பழைய மாத்திரையை யாரும் சந்தேகப்படுவதில்லை. பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனலோல் போன்ற மாத்திரை எடுப்பவருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தால், உயிர் காக்கும் அட்ரினலின் ஊசி வழக்கம்போல வேலை செய்யாமல் போகலாம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது. வயதைப் பார்த்துத் தயங்காமல் முதலில் தொடையில் போட வேண்டியது அதுதான். அரிப்புக்குக் கொடுக்கும் பிரிட்டோன் அதற்கு ஈடாகாது. டிஸ்பென்சரியில் அட்ரினலின் எப்போதும் இருக்கிறதா, காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

பெயர்களும் ஆளைக் குழப்புகின்றன. பெனிசிலின் ஆகாது என்று தெரிந்தவருக்கு, அமொக்சிசிலினும் ஒக்மென்டினும் அதே குடும்பம் என்று தெரியாது. முழங்கால் வலிக்கு டைக்ளோபெனக் போட்டு மூச்சு முட்டியவர், அடுத்த தடவை பாமசியில் ஐபுபுரோபன் என்ற வேறொரு வலி மாத்திரை வாங்குவார். சிலருக்கு இரண்டுமே ஆபத்து. கவுட் என்ற மூட்டு வீக்கத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினோல், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் போன்றவை சிலருக்குத் தோலை உரித்து, வாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி ஒரு தடவை வந்தவருக்கு அந்த மருந்தை மறுபடி கொடுக்கவே கூடாது. அதையெல்லாம் வெறுமனே "அலர்ஜி" என்று எழுதினால் என்ன புரியும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மருந்தின் வெறும் பக்கவிளைவான இருமல், வயிற்றுப் பிரட்டல் எல்லாம் ஒவ்வாமை என்று கொப்பியில் ஏறிவிடுகின்றன. பெனிசிலின் ஆகாது என்று பதியப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதைத் தாங்குகிறார்கள் என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உண்மையாகவே ஒவ்வாமை இருந்தவர்களில் பெரும்பாலோருக்கும் பத்து வருஷத்தில் அது தணிந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் குடித்துப் பார்க்கும் விஷயம் இல்லை இது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் ஒவ்வாமைப் பரிசோதனை நடக்கிறது. சரி, பண்டாரவளையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ ஒரு பாட்டி அங்கே போய் வருவது எப்படி? மாதத்தில் ஒரு நாளாவது கண்டியிலோ பதுளையிலோ அதற்கென ஒரு கிளினிக் நடத்தக் கூடாதா?

தோட்ட டிஸ்பென்சரி கொம்பனியின் கீழ், பக்கத்து ஆஸ்பத்திரி மாகாணத்தின் கீழ், பெரிய ஆஸ்பத்திரி அமைச்சின் கீழ், பாமசி தனியார் கையில். இந்த நான்கையும் சுற்றி வரும் ஒரே பதிவு அந்தக் கொப்பிதான். 1987இலேயே 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிவிட்டது. ஆகவே நான் சலுகை எதுவும் கேட்கவில்லை. மூன்று மொழியிலும் அச்சடித்த சின்ன அட்டை ஒன்று போதும். அடையாள அட்டையோடு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொள்வார்கள். ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்கும்போதும் தமிழில் கேளுங்கள். "ஏதாவது மருந்து குடித்து உடம்பு தடித்ததா, முகம் வீங்கியதா, மூச்சு முட்டியதா?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் சரியாகச் சொல்வார்கள்.

அட்டை அச்சாகி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த மாதக் கிளினிக்கில் புதுக் கொப்பி போடும்போது, பழைய கொப்பியில் இருக்கும் ஒவ்வாமை வரியை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் பிரஷரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு பேத்தி