அரக்கு இசைத்தட்டு ஆல்பங்களைப் பட்டியலிடுவது குறித்து

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிரிட்டிஷ் இசைத்தட்டுகளைச் சேகரிப்போர் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். தேடி அலைவதன் இன்பத்தை நன்றாகவே சொன்ன கட்டுரையாளர், பட்டியலிடும் வேலையை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆல்பத்தின் பெயரையும் கலைஞரின் பெயரையும் குறித்துக்கொண்டால் போதும் என்கிறார். இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக இத்தட்டுகளைச் சேர்த்துவரும் எனக்கு, அது போதாது என்று பட்டறிவே கற்றுத் தந்திருக்கிறது.

ஆல்பம் என்றால் இன்று பாடல்களின் தொகுப்பு என்று பொருள் கொள்கிறோம். தட்டுகளை அரக்கால் செய்த அந்தக் காலத்திலோ அது தடித்த அட்டையும் முதுகில் அச்சிட்ட பெயருமாக, தட்டு உறைகளை ஏடுகளைப் போல் சேர்த்துக் கட்டிய ஒரு புத்தகம். கனத்தைப் பார்த்தால் மடியில் வைத்துப் புரட்டக்கூடத் தயக்கமாக இருக்கும். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும் என்பதால், நீண்ட இசைப் படைப்பைத் துண்டு துண்டாக்கிப் பல தட்டுகளில் பதிப்பதைத் தவிர அன்று வேறு வழியில்லை. 1909-இல் ஓடியன் நிறுவனம் சைக்கோவ்ஸ்கியின் நட்கிராக்கர் தொகுப்பை, லண்டன் பேலஸ் இசைக்குழு வாசிக்க, நான்கு தட்டுகளாக ஒரே கட்டில் வெளியிட்டது. 1932-இல் ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கர் தாமே இசைக்குழுவை நடத்த, பதினாறு வயது மெனுஹின் வாசித்த அவருடைய வயலின் கான்சர்ட்டோவுக்கு (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புக்கு) ஆறு தட்டுகள் தேவைப்பட்டன. ஹியூகோ வுல்ஃப் என்ற இசையமைப்பாளரின் பாடல்களைச் சந்தா திரட்டிப் பதிவு செய்த ஹியூகோ வுல்ஃப் சங்கத்தின் ஆல்பங்களுக்கோ, 500 சந்தாதாரர்கள் முன்பணம் கட்டினால்தான் பதிவே நடக்கும் என்று எச்.எம்.வி. நிறுவனம் நிபந்தனை விதித்தது. அப்படி வந்த ஆல்பங்களில் பாடல் வரிகளும் விளக்கவுரையும் அடங்கிய சிறு புத்தகம் ஒன்று இருக்கும். அது தொலைந்துபோன ஆல்பத்தை முழுமையானது என்று எழுதி விற்போரைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதுண்டு.

முழுமை என்ற சொல் என்னையே ஒருமுறை ஏமாற்றியது. ஒரு சிம்பொனியின் ஆல்பத்தை, 'ஆறு தட்டுகள், முழுமை' என்ற குறிப்பை நம்பி ஏலத்தில் வாங்கினேன். வீட்டில் ஓடவிட்டபோது ஐந்தாம் பக்கம் முடிந்து தட்டைத் திருப்பினால், இசை எங்கோ தாவி எட்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. நடந்தது இதுதான். அக்காலத்தில் பெரிய ஆல்பங்கள் இரு விதமாக வெளிவந்தன. கையால் மாற்றிப் போடுவோருக்கு 1-2, 3-4, 5-6 என்று பக்கங்கள் வரிசையாக அமைந்திருக்கும். தட்டுகளை அடுக்கி வைத்தால் தானே ஒவ்வொன்றாக விழச் செய்யும் ஆட்டோசேஞ்சர் வைத்திருப்போருக்கு 1-12, 2-11, 3-10 என்று அமைந்திருக்கும். ஆறு தட்டும் விழுந்து முடிந்ததும் அடுக்கை அப்படியே கவிழ்த்து வைத்தால் ஏழாம் பக்கத்திலிருந்து தொடரும். யாரோ ஒருவர் உடைந்துபோன 5-6 தட்டுக்குப் பதிலாக, மற்ற வகையிலிருந்து 5-8 தட்டை எடுத்துச் செருகிவிட்டார். ஆக, என் ஆல்பத்தில் எட்டாம் பக்கம் இருமுறை உண்டு, ஆறாம் பக்கம் கிடையாது. இரு வகைகளுக்கும் எச்.எம்.வி. வெவ்வேறு எண்களையே கொடுத்திருந்தது. விற்றவர் தட்டுகளை எண்ணினாரே தவிர எண்களைப் படிக்கவில்லை.

ஆகவே பட்டியலின் அலகு ஆல்பமாகவோ தட்டாகவோ இருக்கக் கூடாது, பக்கமாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பக்கத்துக்குரிய அடையாளம் லேபிளில் இருப்பதைவிட, லேபிளுக்கும் ஒலித்தடத்துக்கும் இடைப்பட்ட வழுவழுப்பான வளையத்தில்தான் மிகுதி. விளக்கொளியில் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் அங்கே மேட்ரிக்ஸ் எண், அதாவது அந்தப் பக்கத்தின் பதிவுக்குரிய எண், தெரியும். அதையடுத்த சிறு எண், அந்த இசை எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதைக் காட்டும். ஒரே விற்பனை எண் கொண்ட இரு பிரதிகளில் வெவ்வேறு முயற்சிகள் இருப்பது உண்டு. அதாவது, கேட்பது வேறு வேறு வாசிப்பு. 1925-இல் மைக்ரோபோன் வழிப் பதிவு தொடங்கியதும் எச்.எம்.வி. அந்த எண்ணுக்குப் பின் ஒரு முக்கோணம் பொறித்தது. 1930களில் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் உருவாக்கிய சொந்த முறைக்கு மாறியதும் முக்கோணம் சதுரமாயிற்று. தட்டு எந்த வார்ப்பிலிருந்து (தட்டை அழுத்தி எடுக்கும் உலோக அச்சிலிருந்து) அழுத்தப்பட்டது என்பதற்கும் எழுத்துக் குறி உண்டு. எச்.எம்.வி. முத்திரைக்கு உரிய கிராமபோன் நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த பத்து எழுத்துகளில் 'ஜி' 1, 'ஆர்' 2, 'ஏ' 3 எனத் தொடர்வதால், 'ஜி.ஆர்.' என்றிருந்தால் அது பன்னிரண்டாவது வார்ப்பு. நம் பழைய கடைக்காரர்கள் கொள்முதல் விலையை எழுத்தில் மறைத்து எழுதியதை நினைவூட்டும் ஏற்பாடு இது. லேபிளோ, தட்டு எப்போது அழுத்தி விற்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும்.

தனியாரின் பட்டியலுக்கு இவ்வளவு பாடு வேண்டுமா என்று கேட்கலாம். பிரிட்டனில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சட்டம் உண்டு. இசைத்தட்டுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஒலிப்பதிவுகளுக்கென ஒரு நிறுவனம் லண்டனில் திறக்கப்பட்டதே 1955-இல்தான். அது 1983-இல் பிரிட்டிஷ் நூலகத்தோடு இணைந்தது. அதற்குள் இரண்டாம் உலகப் போர்க்காலத்து அரக்குத் தட்டுப்பாட்டில் எத்தனையோ பழைய தட்டுகள் மீண்டும் அரைபட்டுப் போயின. எஞ்சியவற்றில் பல இன்றும் வீட்டு அலமாரிகளில்தான் இருக்கின்றன.

கடைசியாக ஓர் அவசரத் திருத்தம். பட்டியலிடுவதற்கு முன் தட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம் என்று கட்டுரையில் ஒரு குறிப்பு இருந்தது. ஸ்பிரிட் என்பது ஆல்கஹால்; அரக்கு அதில் கரையும். ஒரே துடைப்பில் ஒலித்தடம் பாழாகிவிடும். உலர்ந்த மென்தூரிகையே போதும். இதை மட்டுமாவது அடுத்த இணைப்பிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஹேய்ஸ், மேற்கு லண்டன்.