எம்130: கண்டம் கடந்த பங்காளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உசிலம்பட்டி அருகே ஒரு சிற்றூரில், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினரின் ஆய்வில் தெரியவந்த எம்130 என்னும் மரபணு அடையாளத்தை, உலகின் முதல் மனிதன் தமிழனே என்பதற்குச் சான்றாக மேடைதோறும் முழங்குவது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. அந்த ஆய்வு சொல்வது அதுவன்று.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமில் எப்போதோ ஒருவருக்கு நேர்ந்த எழுத்துப்பிழை போன்ற மாற்றம், அதன்பின் வழிவழியாகப் படியெடுக்கப்பட்டு வருவதால், அதைச் சுமக்கும் ஆண்கள் எல்லோரும் அந்த ஒருவரின் வழித்தோன்றல்கள் என அறிகிறோம். நம் வழக்கில் சொன்னால், பங்காளிகள். அத்தகைய மாற்றங்களுள் ஒன்றே எம்130. அது உசிலம்பட்டியில் மட்டுமன்றி ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும், மங்கோலியரிடமும், கசாக்கியரிடமும் பரவலாகக் காணப்படுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெளியேறியோரின் கிளைகளுள் ஒன்றே அது. அதைவிட மிகப் பழைய கிளைகள் ஆப்பிரிக்காவிலேயே இன்றும் தழைத்திருக்கின்றன.

இதே அடையாளத்தைக் காட்டிச் சாதிப் பெருமை பேசுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் ஒவ்வொருவரின் வம்ச மரத்திலும் மூதாதையருக்கு 1,024 இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் பேசுவது அவற்றுள் ஒரே ஓர் இடத்தைப் பற்றித்தான்; நம்மை ஈன்ற பாட்டிமார் ஒருவரைக்கூட அது அறியாது. பள்ளிப் பாடநூலில் இந்த ஆய்வைச் சேர்ப்பதானால், ஆஸ்திரேலியாவையும் மங்கோலியாவையும் உசிலம்பட்டியோடு இணைக்கும் வரைபடத்துடனே சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
மதுரை