சர்வீஸ் எஸ்டிமேட்டில் இரண்டு பத்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய பெட்ரோல் காரை வருடாந்தர சர்வீஸுக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டால், மாலையில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்று பில் வருவது இப்போது சகஜம். இதில் கார் நிறுவனம் கையேட்டில் செய்யச் சொன்ன வேலைக்கு எவ்வளவு, வண்டியை வாங்கிவைத்து வேலைப் பட்டியல் போடும் சர்வீஸ் அட்வைசர் சேர்த்த வேலைக்கு எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலான கார் உரிமையாளர்களால் சொல்ல முடியாது. அது அவர்கள் தவறில்லை. பில்லில் இரண்டும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தில் அச்சாகி வருகின்றன.

கையேட்டைத் திறந்தால் பட்டியல் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது 1 ஆண்டு, இதில் எது முந்துகிறதோ அப்போது இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட்டின் வாஷர் மூன்றையும் மாற்ற வேண்டும். சில மாடல்களுக்கு 15,000 கி.மீ. ஏர் ஃபில்டரை ஊதிச் சுத்தம் செய்து திரும்பப் போடலாம். பிரேக், டயர், பெல்ட், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், டிரைவ் ஷாஃப்ட் பூட் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அது சர்வீஸ் லேபரிலேயே அடக்கம். 1.2 லிட்டர் இன்ஜினுக்கு மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில் பிடிக்கும். சிந்தெடிக் ஆயில், ஃபில்டர், வாஷர், லேபர், வரி எல்லாம் சேர்த்துத் தோராயமாக நாலாயிரம், ஐயாயிரத்துக்குள் முடிய வேண்டிய கணக்கு இது. பல நிறுவனங்களின் இணையதளங்களிலேயே மாடலையும் கிலோமீட்டரையும் கொடுத்தால் சர்வீஸ் செலவைக் காட்டும் வசதி இருக்கிறது. வண்டியை விடுவதற்கு முந்தைய இரவே அதைப் பார்த்துப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

எல்லா ஆண்டும் செலவு ஒன்றாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 40,000 கி.மீ. வரும்போது சாதாரண நிக்கல் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் ஃபுளூயிட் என்று பல மாடல்களில் மாற்ற வேண்டியவை ஒன்றாகச் சேரும். அந்த ஆண்டு பில் பெரிதாக வந்தால் அதில் நியாயம் உண்டு. இரிடியம் பிளக் உள்ள இன்ஜினுக்கு அவை 1,00,000 கி.மீ. வரைகூடத் தாங்கும், அதை 40,000-த்தில் கழற்றிப் போடச் சொன்னால் கையேட்டைக் காட்டச் சொல்லலாம்.

கையேட்டுக்கு வெளியே சேர்பவற்றுக்குத் தொழிலில் 'வேல்யூ ஆடட் சர்வீஸ்' என்று பெயர். புதுக் கார் விற்பனையில் டீலருக்கு நிற்கும் லாபம் குறைவு. ஒர்க்‌ஷாப்தான் கடையை நிறுத்துகிறது. அதனால் ஒரு ஜாப் கார்டுக்கு (ஒரு வண்டியின் வேலைகளை எழுதும் தாள்) இத்தனை ரூபாய்க்கு இவை விற்க வேண்டும் என்று அட்வைசர்களுக்கு இலக்கு வைப்பது பரவலான பழக்கம். எதிரே நின்று சிரித்துப் பேசும் அந்தப் பையனைக் கோபிப்பதில் பயனில்லை. அவன் ஊக்கத்தொகை அதில்தான் இருக்கிறது.

இவற்றில் முதலிடம் இன்ஜின் ஃபிளஷுக்கு. பழைய ஆயிலில் ஒரு டப்பா ரசாயனத்தை ஊற்றி, இன்ஜினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு வடிப்பார்கள். உரிய காலத்தில் ஆயில் மாற்றிவரும் இன்ஜினில் கரைக்க வேண்டிய அழுக்கே அவ்வளவாக இருக்காது. மாற்றாமல் விட்டு உள்ளே கசடு கட்டிய இன்ஜினிலோ, இளகிய கசடு ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்படி அடைத்தால் மேலே கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் ஏறாது. ஆக, தேவையில்லாத இன்ஜினில் அது வீண்செலவு. தேவைப்படுவதாகத் தோன்றும் இன்ஜினில் ஆபத்து. ஆயிலோடு எந்தக் கலவையும் சேர்க்காதீர்கள் என்று சில நிறுவனங்களின் கையேடே சொல்கிறது. அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே அந்தக் கலவை பில்லில் ஏறுவதுதான் வேடிக்கை.

இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்வதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்: ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குவது, சிக்னலில் வண்டி அணைந்துபோவது. அறிகுறி எதுவும் இல்லாத 20,000 கி.மீ. வண்டிக்கு அது வேண்டாம். எலெக்ட்ரானிக் திராட்டில் உள்ள கார்களில், சுத்தம் செய்தபின் ஸ்கேனர் போட்டு ஐடிலை மறுபடி பழக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால், நன்றாக ஓடிய வண்டி மறுநாள் முதல் ஐடிலில் ஆட ஆரம்பிக்கும். இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கான கிளீனர் என்று பில்லில் இருப்பது பல நேரங்களில் பெட்ரோல் டேங்கில் ஊற்றும் ஒரு பாட்டில்தான்.

ஏசியில் இரண்டு விஷயம். கேஸ் வருடா வருடம் தீர்ந்துபோகும் பொருளல்ல. அது மூடிய சுற்று. கணிசமாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அடுத்த கோடையில் திரும்ப அதே பில். நாற்றம் அடிக்கிறது என்று ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட் தெளிப்பதற்குமுன், கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. கிளவ் பாக்ஸின் இரு பக்கத்தையும் உள்ளே அமுக்கிக் கீழே இறக்கினால், கருவி எதுவும் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். காற்றோட்டத்தின் திசை காட்டும் அம்புக்குறியை மட்டும் கவனித்துப் போட வேண்டும்.

வீல் அலைன்மென்ட் அவசியமான வேலை. வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ, பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, புது டயர் போட்டாலோ செய்துதான் ஆக வேண்டும். செய்ததற்கு அத்தாட்சியாக முன் அளவும் பின் அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் முன் சக்கரத்தின் டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) ஒன்றைத்தான் திருகிச் சரிசெய்ய முடியும். பின்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம், அங்கே திருக எதுவும் இல்லை. அத்தகைய காருக்கு 'கேம்பர் கரெக்‌ஷன்' (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணத்தைத் திருத்துவது) என்று தனித் தொகை போட்டிருந்தால் எந்தப் பாகத்தை எப்படித் திருத்தினார்கள் என்று கேட்க வேண்டும். சக்கரம் அதிராமல் சுழல விளிம்பில் ஒட்டும் பேலன்சிங் எடைக்குக் கிராம் கணக்கில் பணம். பழைய எடைகளைக் கழற்றாமல் அதன்மேல் புதிது ஒட்டினால் கிராம் ஏறிக்கொண்டே போகும்.

காரின் அடிப்பாகத்தில் துருவைத் தடுக்க அடிக்கும் அண்டர்பாடி கோட்டிங் பற்றிக் கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்பார்கள். உப்புக்காற்றில் துரு பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் சேற்றையும் ஈரத்தையும் முழுக்கப் போக்காமல் மேலே அந்தக் கறுப்புப் பூச்சை அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். கதவின் அடியிலும், கதவுக்குக் கீழுள்ள படிச் சட்டத்திலும் உள்ள வடிதுளைகளை அடைத்துவிட்டால் அது இன்னும் மோசம். காலையில் விட்டு மாலையில் எடுக்கும் சர்வீஸோடு சேர்த்துச் செய்யும் வேலையல்ல இது. இன்ஜின் டிரெஸ்ஸிங், டாஷ்போர்டு பாலிஷ் இவற்றைப் பற்றி எழுத எதுவுமில்லை. பளபளப்பு பிடித்தால் செய்துகொள்ளலாம்.

கையேட்டு வேலையிலும் கண் வைக்க வேண்டிய இடங்கள் உண்டு. சர்வீஸ் சென்டரில் ஆயில் பேரலிலிருந்து அளந்து ஊற்றப்படுகிறது. கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்து இன்னின்ன லிட்டர் என்று இருக்கும்; பில்லில் அதைவிட அரை லிட்டர் கூடுதலாக இருந்தால் அந்த அரை லிட்டர் எங்கே போனது என்று கேளுங்கள். ஒருவேளை உண்மையாகவே உள்ளே ஊற்றியிருந்தால் அதுவும் கேடு. அளவுக் கம்பியின் (டிப்ஸ்டிக்) மேல் குறியைத் தாண்டிய ஆயிலை, சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் மசகு போடாது. வண்டியை எடுக்கும்போது சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை வண்டியில் வைக்கச் சொல்லி ஜாப் கார்டிலேயே எழுதவைக்க வேண்டும். பிரேக் பேட் மாற்ற வேண்டும் என்றால் 'தேய்ந்துவிட்டது' என்ற சொல் போதாது, எத்தனை மில்லிமீட்டர் மீதி என்று கேளுங்கள். புது பேடில் 10 மி.மீ. அளவுக்கு இருக்கும், 3 மி.மீ.யை நெருங்கும்போது மாற்றலாம். 6 மி.மீ. இருந்தால் அவசரம் இல்லை. வீல் நட்டை ஏர் கன்னால் கண்மூடித்தனமாக இறுக்குவதும் பரவலாக நடக்கிறது. பிறகு நடுவழியில் பஞ்சரானால் வண்டியோடு வரும் ஸ்பேனரால் கழற்ற முடியாது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாச் செலவையும் வெட்டிவிடக் கூடாது. அட்வைசர் மறந்தாலும் நாம் கேட்டுச் செய்ய வேண்டியவை சில உண்டு. பிரேக் ஃபுளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரக ஃபுளூயிடின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் தரம் அனுமதிக்கும் அடிமட்டம் 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, 155. கொல்லிமலையிலோ ஊட்டி மலைப்பாதையிலோ பிரேக் மிதித்தபடி இறங்கும்போது ஃபுளூயிட் கொதித்து ஆவியானால் பெடல் காலடியில் தரை வரை போய்விடும். இதைப் பெரும்பாலும் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். ஆகும் செலவு ஒரு இன்ஜின் ஃபிளஷுக்கு ஆவதைவிடப் பெரிதாக இருக்காது. கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது. வால்வுகளின் இயக்கத்தை பிஸ்டனோடு ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் கையேட்டுக் கெடுவைத் தள்ளிப்போடவே கூடாது. அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் வளைந்துவிடும். பிஎஸ் 6 (இப்போதைய புகை மாசு விதி) டீசல் காரில் சாம்பல் குறைந்த ரக ஆயில்தான் ஊற்ற வேண்டும். வேறு ஆயிலின் சாம்பல் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் படியும். புகைக்கரியை எரித்துத் தள்ளுவதுபோல் சாம்பலை எரிக்க முடியாது. மலிவு ஆயிலில் மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய் கடைசியில் அந்த வடிகட்டியின் விலையாக வந்து நிற்கும்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்குமுன் பெரும்பாலானவற்றுக்கு 28. லேபருக்கு முன்பே 18தான். பில்லில் 28 என்று எந்தப் பாகத்துக்காவது அச்சாகியிருந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்க வேண்டும்.

வெளியே சர்வீஸ் செய்தால் வாரன்டி போய்விடும் என்ற பயம்தான் இந்த வியாபாரத்தின் அஸ்திவாரம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததே குற்றச்சாட்டு. வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கு எப்படிப் போனாலும், வாரன்டிக் காலத்தில் கையேட்டுக் கெடுப்படி கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்து, பில்லைப் பத்திரப்படுத்துவதுதான் விவேகம். ஆனால் வாரன்டிக்குத் தேவை கையேட்டு வேலைகள் மட்டுமே. ஃபிளஷும் பாலிஷும் மறுத்தவரின் வாரன்டி எங்கும் போகாது. வாரன்டி முடிந்தபின் நம்பிக்கையான பட்டறையில், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகக் கடைவீதிகளில் அசல் பாகம் பில்லோடு வாங்கிக் கொடுத்துச் செய்வதில் தவறே இல்லை.

மறுத்தும் பில்லில் ஏற்றியிருந்தால், முதலில் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இணையவழியிலும் மனு கொடுக்கலாம். கையெழுத்திட்ட எஸ்டிமேட்டின் நகல் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எல்லாம் வாய்ப்பேச்சு.

மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கி, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. அதே துறை ஒரு சிறு விதியையும் கொண்டுவரலாம். எஸ்டிமேட்டில் இரண்டு பத்தி: இடப்பக்கம் கையேட்டின் பக்க எண்ணோடு கட்டாய வேலைகள், வலப்பக்கம் பரிந்துரைகள். வலப்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணமும், உரிமையாளரின் தனிக் கையெழுத்தும். கையெழுத்து இல்லாத வரிக்குப் பணம் கேட்கக் கூடாது. மென்பொருளில் ஒரு நாள் வேலை இது. கார் நிறுவனங்கள் விரும்பினால் விதிக்குக் காத்திராமலே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
திருச்சி