பரம்பரைப் புலமையும் மானிய நிலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தின் மக்வூரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் புலவர்கள் தோன்றியதைச் சென்ற இதழின் கட்டுரை 'இரத்தத்தில் ஊறிய கவிதை' என்று வருணித்திருந்தது. கட்டுரையை விரும்பிப் படித்தேன். அந்தச் சொற்றொடரை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

இக்குடும்பத்தின் மூதாதையான முரெதக் அல்பனக் அயர்லாந்துக்காரர். 1213இல், திறை கேட்டு வந்து மரியாதையின்றிப் பேசிய அதிகாரி ஒருவரைக் கோடரியால் வெட்டிக் கொன்றுவிட்டு, பின்னர் ஸ்காட்லாந்துக்குத் தப்பி வந்தவர். 'ஏசியவனைக் கொன்றேன், இதற்கா இவ்வளவு பகை' என்ற பொருள்படப் பாடியவரும் அவரே. தமக்குப் பதினொரு பிள்ளைகளைப் பெற்றுத்தந்த மனைவி இறந்தபோது, 'நேற்றிரவு என் உயிர் என்னைவிட்டுப் பிரிந்தது' என்று கலங்கியவரும் அவரே. 1411ஆம் ஆண்டு ஹார்லா போருக்கு முன், அவர்களின் மொழியான கேலிக்கின் நெடுங்கணக்கு வரிசைப்படியே சொற்களை அடுக்கி வீரர்களை உசுப்பிய பாடலும் இக்குடும்பத்தின் பெயராலேயே வழங்குகிறது.

இத்தனைக்கும் அடிப்படையாக நிலம் இருந்தது என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியில் கடந்துவிட்டார். தெற்கு யூயிஸ்ட் தீவில் ஸ்டில்லிகாரி என்னும் பண்ணையைக் கிளன்ரானல்டு என்னும் குலத்தின் தலைவர்கள் இவர்களுக்கு மானியமாக விட்டிருந்தனர். நம் பழைய வழக்கில் சொன்னால், புலவர் முற்றூட்டு. புலவருக்கு ஆண் வாரிசு இல்லையெனில் உடன்பிறந்தான் மகனைப் படிக்கவைத்து அப்பொறுப்புக்கு ஆளாக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பிறப்பு ஒன்றே போதுமென்றால், படிக்கவைக்கும் நிபந்தனை எதற்கு?

1715இல் ஷெரிஃப்மியூர் போரில் மாண்ட கிளன்ரானல்டு தலைவனுக்கு இரங்கற்பா பாடிய நியால் மக்வூரிக்தான் பழைய யாப்பில் முழுத்தேர்ச்சி பெற்ற கடைசிப் புலவர். நிலம் கைவிட்டுப் போனபின் நடந்ததை, 1800ஆம் ஆண்டில் லாக்லன் மக்வூரிக் என்பவர் அளித்த வாக்குமூலம் காட்டுகிறது. முரெதக்கிலிருந்து தாம் பதினெட்டாம் தலைமுறை என்று கூறிய அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டிலிருந்த தோல் ஏடுகளில் சிலவற்றைத் தையற்காரர்கள் அளவெடுக்கும் பட்டைகளாக நறுக்கிக்கொண்டார்கள் என்றும், தந்தைக்குப்பின் தம் கைக்கு வந்த ஏடுகளும், தமக்குப் படிக்கத் தெரியாததால் மதிக்கப்படாமல் தொலைந்துபோயின என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை